யாழைக் கைவிடல்: தமிழ் இலக்கியத்தில் ஓர் இசைக்கருவியின் பிரிவு

யாழ் எக்காலத்தில், எக்காரணத்தால் தமிழரிடையே வழக்கொழிந்தது என்னும் வினாவை இசை வரலாற்று ஆசிரியர் பலர் எழுப்பியுள்ளனர். வீணையின் வரவு, பாணர் குலத்தின் தாழ்வு, கோயிலை மையமாகக் கொண்ட புதிய இசைமுறையின் எழுச்சி எனப் பல விடைகளும் கூறப்பட்டுள்ளன. இவற்றுள் எது பொருத்தமுடையது என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒருவர் தாம் நெடுங்காலம் பயின்ற கருவியைக் கையிலிருந்து விடும் அந்தக் கணத்தைத் தமிழ்ப் புலவர்கள் எவ்வாறு கண்டனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. வரலாற்று ஆசிரியன் கருவியின் மறைவை நூற்றாண்டுகளால் அளப்பான். புலவனுக்கு அது ஒரு மாலைப்பொழுதில், இரு கைகளுக்கிடையே நிகழ்வது. புலவன் கண்டதை நோக்காது வரலாற்றாசிரியன் கண்டதை மட்டும் பேசிவருவதால், யாழைப் பற்றிய நமது இரங்கல்கள் பெரும்பாலும் பொருட்காட்சிச் சாலையில் நின்று பேசுவன போல் அமைந்துவிட்டன.

இக்கட்டுரையாளன் அக்கரைப்பற்றுக்குத் தெற்கேயுள்ள சாகாமத்தைச் சார்ந்தவன். கிழக்குக் கரையின் இப்பகுதிக்கு இப்பொருளோடு இருவகைத் தொடர்பு உண்டு. யாழ் நூல் செய்த விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டு பிறந்த காரைதீவு, சாகாமத்திற்கு வடக்கே, கல்முனைக்கு அணித்தாக இதே கரையில் உள்ளது. மேலும், யாழால் கெட்ட கோவலனின் கதை இன்றும் சடங்காகப் பாடப்படும் கண்ணகி கோயில்கள் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் உள்ளன. எனவே இப்பொருள் எமக்கு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று.

சங்கப் பாடல்களில் கருவியைப் பிரிதல் என்பது புரவலனின் இறப்போடு பிணைந்தே வருகிறது. வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்டு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைக் கழாஅத்தலையார் பாடிய புறப்பாட்டு (65) இதற்குத் தலையாய சான்று. முழவு தன் மார்ச்சனை மண்ணை மறந்ததாகவும், யாழ் தன் பண்ணை மறந்ததாகவும் அப்பாடல் தொடங்குகிறது. அதன்பின் கவிழ்ந்து கிடக்கும் பால்தாழியும், கள்ளை மறந்த சுற்றமும், ஒலியடங்கிய வயலும், விழா இழந்த சீறூரும் வரிசையாக வருகின்றன. இங்கு மறப்பவன் பாணன் அல்லன். யாழே மறக்கிறது. பாணன் யாழை விட்டான் என்று புலவர் கூறியிருப்பின் அது ஒருவனுடைய செயலாக நின்றிருக்கும். யாழ் மறந்தது என்று கூறும்போது, கருவிக்கும் நினைவு உண்டு என்பதும், அந்நினைவு கேட்பவனைச் சார்ந்தது என்பதும் புலனாகின்றன. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் பூத்த முல்லையை நோக்கிக் குடவாயிற் கீரத்தனார் பாடிய பாட்டிலும் (242), யாழின் வளைந்த கோட்டால் பூங்கொடியை மெல்ல வளைத்துப் பறிக்கும் பாணனின் பழக்கம் நின்றுபோனது சுட்டப்படுகிறது. பாட்டு நின்றதைக் கூறாமல், யாழ்க்கோட்டால் பூப்பறிக்கும் சிறு வழக்கம் நின்றதைக் கூறியமையே இப்பாடலின் நுட்பம். நெடுநாள் பயின்ற கருவி இசைப்பதற்கு மட்டும் உரியதன்று. அது கையின் நீட்சியாகிப் பூப்பறிக்கவும் உதவுகிறது. இதை அறிந்தவர் கருவியோடு வாழ்ந்தவராகவே இருத்தல் வேண்டும்.

வடமோதங்கிழார் பாடலில் (260) வேறொரு நிலை காணப்படுகிறது. பாணன் ஒரு பண்ணைக் கருதி நரம்பைத் தொட, யாழ் இரங்கற்பண்ணாகிய விளரிக்குத் தானே திரிகிறது. ஊரில் வீரன் ஒருவன் வீழ்ந்துவிட்டான் என்பதைப் பாணன் அறியுமுன் கருவி அறிகிறது. இதனை வெறும் நிமித்தக் கருத்து என்று தள்ளிவிடலாகாது. கைக்குக் கட்டுப்படாத நிலையிலும் கருவி உண்மையே பேசும் என்னும் நம்பிக்கை இதில் உண்டு. பின்னர்ச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இந்த நம்பிக்கையின்மீதே தம் காட்சிகளை அமைக்கின்றன.

வீரயுகப் பாடல்களின் வாய்மொழிப் பாங்கினையும் பாணர் மரபினையும் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். பாணனின் வாழ்வு புரவலனோடு பிணைந்தது என்னும் சமூக உண்மை மேற்கண்ட பாடல்களை விளக்கப் பெரிதும் உதவுகிறது. ஆயினும் அவ்விளக்கம் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. புரவலன் இறந்தால் பாணன் பசிப்பான் என்பதை அது விளக்கும். யாழ் ஏன் மறக்கிறது என்பதை விளக்காது.

இனிச் சிலப்பதிகாரத்தைக் காண்போம். இக்காப்பியத்தில் யாழ் மும்முறை கைமாறுகிறது. ஒருமுறை கைமாறாது தனித்து நிற்கிறது. கானல்வரியை மட்டும் எடுத்துப் பேசும் வழக்கம் நம்மிடையே மிகுதி. நான்கு இடங்களையும் ஒருசேர நோக்கினாலன்றி இளங்கோவடிகளின் கருத்து விளங்காது.

இந்திர விழாவின் இறுதியில் புகார்க் கடற்கரையில் வசந்தமாலையின் கையிலிருந்து மாதவி யாழை வாங்குகிறாள். ஓவியம் எழுதிய உறையினுள் இருந்து வெளிவரும் அந்த யாழ், மலர் சூடி, மைதீட்டிய மணமகள் போல் ஒப்பனையோடு அறிமுகமாகிறது. மாதவி தொழுது வாங்கிப் பண்ணல் முதலிய எண்வகைக் கரணத்தாலும் அதனைச் சோதித்துச் செவ்வி பார்த்தபின், கோவலன் கையில் நீட்டி, அவன் ஏவும் தாளம் யாதென வினவுகிறாள். இது முதற் கைமாற்று. கருவியைத் திருத்தி, சுருதி கூட்டி, பிறர் வாசிக்கக் கொடுத்தல் என்பது இசை பயின்றோரிடையே நிகழக்கூடிய மிகப்பெரிய நம்பிக்கைச் செயல் என்பதை இசைவாணர் அறிவர். அவன் ஆற்றுவரியும் கானல்வரியும் பாடுகிறான். பாட்டில் வேறொருத்தியின் சாயல் இருப்பதாக மாதவி எண்ணுகிறாள். மகிழ்ந்தவள் போல் நடித்துப் புலவியோடு யாழை வாங்குகிறாள். இது இரண்டாம் கைமாற்று. முதலிற் கொடுத்த கையும் பின்னர் வாங்கிய கையும் ஒன்றே. ஆனால் கொடுத்தபோது தொழுகையும் வினாவும் இருந்தன. வாங்கும்போது ஐயம் மட்டுமே இருந்தது. அவள் பாடி முடித்ததும் கோவலன் பற்றியிருந்த கையை நெகிழவிட்டு எழுகிறான். அவள் கோவலன் இன்றித் தனியே வண்டியேறி மனை புகுகிறாள்.

யாழிசையை வாயிலாகக் கொண்டு ஊழ் வந்து மூண்டது என்று அடிகளே கூறிவிட்டமையால், உரைகாரரும் பின்வந்த திறனாய்வாளரும் பழியை ஊழின்மேல் ஏற்றி நின்றுவிடுகின்றனர். இவ்விடத்தில் இன்னொன்றும் நமக்கு வாய்க்கவில்லை. இசைநுணுக்கம் தேர்ந்த அடியார்க்குநல்லாரின் உரை கானல்வரிக்குக் கிடைக்கவில்லை. அரும்பதவுரை ஒன்றே துணை. யாழ் கைமாறும் காதைக்கே யாழறிந்த உரைகாரரின் உரை இல்லாதுபோனமை தமிழின் பேறின்மைகளுள் ஒன்று. ஊழ் என்பதை மறுக்காமலே நாம் ஒன்று கூறலாம். ஊழ் யாழின்வழி வந்ததாயினும், அது இசையில் வரவில்லை. யாழை வாங்கிய முறையிலேயே வந்தது. இருவர் பாட்டுக்களும் குற்றமற்றவை. இடையே நிகழ்ந்த அந்தக் கைமாற்றிலேதான் குற்றம் புகுந்தது.

வேனிற்காதையில் மாதவி நிலாமுற்றத்தில் தனியே யாழைத் தழுவுகிறாள். கைகளின் நிலை, நரம்பின் முறை, பாலைகளின் திரிபு என இசையிலக்கணம் முழுதும் இங்குப் பேசப்படுகிறது. காப்பியத்திலேயே மிகக் கற்ற இசை இதுவெனலாம். ஆனால் அவள் பாடத் தொடங்கியதும் மயங்குகிறாள். நீட்டுவதற்கு எதிர்க்கை இல்லாத யாழில் கல்வி மட்டும் எஞ்சுகிறது. எனவேதான் அவள் யாழை வைத்துவிட்டுத் தாழைமடலை எடுத்து ஓலை எழுதுகிறாள். கோவலன் அதனை ஏற்க மறுக்கிறான்.

மூன்றாவது கைமாற்று புறஞ்சேரி இறுத்த காதையில் நிகழ்கிறது. இதனைச் சிறப்பித்துப் பேசியவர் மிகச் சிலரே. மதுரைக்குச் செல்லும் வழியில் கௌசிகன் என்னும் அந்தணன் மாதவியின் இரண்டாம் ஓலையைக் கோவலனிடம் சேர்க்கிறான். அதனைப் படித்தபின் குற்றம் தன்னதே என்று கோவலன் உணர்கிறான். அடுத்து அவன் செய்யும் செயல் யாது? வழியில் கொற்றவையைப் பாடும் பாணரை அணுகி, அவர்களது செங்கோட்டியாழில் திவவைக் கட்டி, உழை முதலாகக் கைக்கிளை ஈறாக நரம்புகளை முறைப்படுத்தி, ஆசான் என்னும் பண்ணில் அவர்களோடு கலந்து பாடுகிறான். அதன்பின்னரே மதுரை இன்னும் எத்தனை காவதம் என்று கேட்கிறான். கதையின் நடைக்கு இது தேவையற்றது. தொலைவு கேட்க யாழ் வேண்டுவதில்லை. எனவே, அடிகள் இதனை வேண்டுமென்றே இங்கு வைத்தார் என்று கொள்வதே முறை. மாதவியின் யாழை விட்டெழுந்தவன், அவளது சொல்லை ஏற்றுக்கொண்ட உடனே, அறியாத பாணரின் யாழைத் தொடுகிறான். அவளிடம் திரும்பிச் செல்லும் வழி அவனுக்கு இல்லை. யாழிடம் மட்டும் திரும்பிச் செல்கிறான்.

அடியார்க்குநல்லார் கணக்கின்படி பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. ஓவிய உறையும் மலரும் கொண்ட புகாரின் யாழில் தொடங்கிய கோவலன், வழிப்போக்கரின் ஏழு நரம்பில் முடிக்கிறான். தானே சுருதி கூட்டி, பாணரோடு சேர்ந்து பாடுகிறான். அவ்விடத்தில் யாரும் யாரையும் ஐயுறவில்லை. காப்பியத்தில் அவன் கடைசியாகத் தொடும் யாழ் இதுவே. கானல்வரியில் நிகழ்ந்தது பிரிவின் தொடக்கம் மட்டுமே என்பதும், உண்மையான விடைபெறல் இவ்விடத்திலேதான் நிகழ்ந்தது என்பதும் இக்கட்டுரையாளன் கருத்து. கேட்டது என்னவோ மதுரைக்குள்ள தொலைவை. பாணர் மதுரையிலிருந்து வீசும் மணங்கமழ் காற்றைச் சுட்டி, நகர் அண்மையில் உள்ளது என்கின்றனர். கொலைக்களம் அண்மையில் உள்ளது என்பதும் அதுவே.

மணிமேகலையில் இதன் எதிரொலி ஓரிடத்திற் கேட்கிறது. மலர்வனம் செல்லும் மணிமேகலையைக் கண்ட எட்டிகுமரன், தான் தழுவியிருந்த மகரயாழோடு எழுதிய பாவைபோல் அசைவற்று இருக்கிறான். காரணம் வினவிய உதயகுமரனுக்கு, கோவலன் உற்ற துயர் நினைவில் எழ, தன் கை பகை நரம்பிற் சென்றது என்று விடை கூறுகிறான். விளரிக்குத் தானே திரிந்த புறநானூற்று யாழின் மறுபிறப்பே இது. இங்குத் திரிந்தது கையே எனினும், திரித்தது நினைவு. இக்காட்சியைச் சாத்தனார் சில அடிகளில் முடித்துவிடுகிறார். அதற்குமேல் வேண்டுவதும் இல்லை.

இக்கட்டுரையின் மையமான இடத்துக்கு இப்போது வருவோம். பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் இருமுறை யாழோடு நம் முன் நிற்கிறார். முதலாவது மதுரை ஆலவாயில். பாணர் தரையில் நின்று யாழ் வாசிக்கும்போது, நிலத்தின் ஈரம் தாக்கினால் நரம்பின் கட்டுத் தளரும் என்று வானில் ஓர் ஓசை எழுகிறது, பலகை இடப்படுகிறது. இறைவன் பக்தனுக்கு அருளிய நிகழ்ச்சியாகவே இதனை அனைவரும் கூறுவர். அருள் உண்மையே. ஆயினும் அருளின் வடிவத்தை நோக்குக. பொன்னோ நாடோ வழங்கப்படவில்லை. நரம்பு தளராமலிருக்க ஒரு பலகை இடப்படுகிறது. கருவிக்கு ஈரம் ஆகாது என்பதை அறிந்த ஒருவரே இவ்வருளை இவ்வாறு கற்பனை செய்யமுடியும். சேக்கிழார் யாழை நேரிற் பழகியறிந்தவரா என்று கூறுதல் அரிது. அவர் காலம் 12ஆம் நூற்றாண்டு. சம்பந்தரிடமிருந்து ஐந்து நூற்றாண்டுகள் தள்ளி நின்று எழுதியவர். எனினும் கருவியின் நலம் பேணும் ஒரு மரபை அவர் எங்கிருந்தோ கேட்டிருக்கிறார்.

இரண்டாவது தருமபுரத்தில். அது பாணரின் தாய் பிறந்த ஊர். அங்குள்ள உறவினர், சம்பந்தரின் பதிகங்களது இசை உலகில் பரவுவது பாணரின் யாழினாலேயே என்று புகழ்கின்றனர். பாணர் நடுங்கி, யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருளுமாறு வேண்டுகிறார். சம்பந்தர் மாதர்மடப்பிடி எனத் தொடங்கும் பதிகத்தைப் பாடுகிறார். யாழில் அது அடங்கவில்லை. பாணர் சம்பந்தரின் அடிகளில் வீழ்ந்து, இக்கருவியைத் தொட்டமையாலன்றோ இப்பழி வந்தது என்று அதனை உடைக்க ஓங்குகிறார்.

இந்நிகழ்ச்சியைப் பொதுவாக யாழின் தோல்வியாகவே கூறுவர். குரலின் முன் கருவி தோற்றது, வேதியரின் இசை முன் பாணரின் இசை தோற்றது, வருங்கால வீணையின் முன் பழைய யாழ் தோற்றது என்றெல்லாம் பல வகையாக விளக்கப்பட்டுள்ளது. சமூகப் பார்வையில் இவ்விளக்கங்களுக்கு இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பாணரின் உறவினர் பேச்சில் குலப்பெருமிதமும், பாணரின் நடுக்கத்தில் குலத்தாழ்வும் கலந்தே உள்ளன. ஆனால் காட்சி அங்கு முடியவில்லை. பெரும்பாலான விளக்கங்கள் பாணர் யாழை ஓங்கிய இடத்தில் நின்றுவிடுகின்றன. சேக்கிழார் அதற்கு மேலும் செல்கிறார். சம்பந்தர் பாணரை ஐயர் என்று மரியாதையாக விளித்துக் கருவியைத் தம் கையில் வாங்குகிறார். சிந்தையால் அளக்கமுடியாத இசை கருவியின் செயலளவில் அடங்காமை இயல்பே. அதற்காக யாழை முரிப்பது எதற்கு என்கிறார். வந்த அளவில் வாசியும் என்று கூறி யாழைத் திரும்பப் பாணர் கையில் கொடுக்கிறார். பாணர் வாங்கித் தலைமேற் கொள்கிறார். அதன்பின்னும் அவர் சம்பந்தரோடு சென்று யாழ் வாசித்தவராகவே புராணத்தில் நிற்கிறார்.

ஆகவே யாழ்முரி என்று பெயர்பெற்ற இக்காட்சியில் யாழ் முரியவே இல்லை. கானல்வரியோடு இதனை ஒப்பிட்டால் உண்மை பின்னும் விளங்கும். இங்கும் அங்கும் ஒரே செயல்: ஒருவர் கையிலிருந்து மற்றவர் யாழை வாங்குதல். மாதவி ஐயத்தால் வாங்கினாள், பிரிவு நேர்ந்தது. சம்பந்தர் காக்கும் பொருட்டு வாங்கினார், மீளக் கொடுத்தார். சேக்கிழார் கானல்வரியை எண்ணித்தான் இக்காட்சியை அமைத்தார் என்று நிறுவ நம்மிடம் சான்று இல்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் எவரும் இவ்வொப்புமையைத் தவிர்க்க இயலாது.

மேலும் ஒரு குறிப்பு. குறித்த பதிகத்தின் பாடல்களுள் இந்நிகழ்ச்சி பேசப்படவில்லை. முரி என்பது இசைத்தமிழில் ஒரு பாட்டுவகையின் பெயர். கானல்வரியிலேயே முரிவரி என ஒரு பகுதி உண்டு. எடுத்த இயலையும் இசையையும் இடையில் முரித்துப் பாடுவது அது என்பது உரைமரபு. யாழ்முரி என்பது முதலில் யாழோடு தொடர்புடைய அத்தகைய ஒரு முரிப்பாட்டு முறையின் பெயராக இருந்திருக்கலாம். முரி என்னும் இசைச்சொல்லின் பொருள் பொதுமக்களிடையே மறந்துபோனபின், முரித்தல் என்பதற்கு உடைத்தல் என்றே பொருள்கொண்டு, அதற்கொரு கதை எழுந்திருக்கவும் கூடும். இதனை ஓர் ஊகமாகவே முன்வைக்கிறோம். இவ்வூகம் பொருந்துமாயின், கலைச்சொல் மறந்தமையால் பிறந்த கதையை வாங்கிய சேக்கிழார், கருவி உடையாதவாறு அதனை முடித்துவைத்தார் என்றாகும். அவருடைய கவியுள்ளத்திற்கு அது சிறப்பே.

இந்த வரிசையின் இறுதியிலேயே யாழ் நூலை வைத்து நோக்குதல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இல் முதன்முதல் முழுமையாகப் பதிப்பித்தார். அதே ஆண்டில் காரைதீவில் மயில்வாகனன் பிறந்தார். தற்செயலே எனினும் இதனைக் குறியாமல் செல்ல மனம் வரவில்லை. பின்னர் விபுலாநந்தராகி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அடிகள், அச்சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலுள்ள சில அடிகளை வித்தாகக் கொண்டு யாழ் நூலை விரித்தார். கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக அது 1947 சூன் 5, 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. நூலின்படி செய்யப்பட்ட யாழ்களும் அங்கு இசைக்கப்பட்டன. சூலை 19ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என யாழ்வகைகளின் உறுப்பையும் அளவையும், நரம்புகளின் எண் விகிதங்களையும், பாலைகளின் திரிபையும் கணித அறிவோடு நிறுவிய இந்நூலுக்கு ஈடு தமிழில் இல்லை. மட்டக்களப்பு வாவியின் இசையை நீரரமகளிர் பாட்டாக நூலின் முகப்பில் வைத்தமையால், எங்கள் கரையின் நீரும் அந்நூலில் ஒலிக்கிறது. எனினும் நன்றியோடு படிப்பவனும் ஒரு வினாவைக் கேட்கத்தான் வேண்டும். அடிகள் வித்தாகக் கொண்ட அடிகள் எதனைப் பற்றியவை? அவை யாழாசிரியன் ஒருவனின் அமைதியைக் கூறுவன. இளங்கோ விவரித்தது கருவியை அறிந்த ஒரு மனிதனை. யாழ் நூல் மீட்டது அம்மனிதன் அறிந்திருந்த கருவியை. உறுப்பும் அளவும் நூலில் ஏறின; எண்வகைக் கரணத்தைச் செய்யும் கை நூலில் ஏறவில்லை. ஏறவும் முடியாது. கை, கையிடமிருந்தே கற்கும். அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையில் அடிகளுக்கு வாய்த்தவை ஆறு வாரங்களே. யாழாசிரியன் ஒருவனை உருவாக்க அது போதாது. வில்யாழின் இனமாகிய சவுங் பர்மாவில் இன்றும் வாசிக்கப்படுகிறது. அங்கு அது ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்கு இடையறாது வந்தது. அண்மைக் காலத்தில் தமிழகத்தில் கைவினை வல்லார் யாழைப் புதிதாகச் செய்து இசைப்பதும் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அது புதுத் தொடக்கமே, மீட்சியெனல் பொருந்தாது.

யாழின் மறைவுக்கு இரங்கும் நாம், நம் அருகில் நிகழும் பிரிவுகளை எவ்வளவு நோக்கினோம்? இக்கரையில் வழங்கும் கண்ணகி வழக்குரையை வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். அதன் காதைகளுள் பொன்னுக்கு மறிப்பு என ஒன்று உண்டு. கானல்வரி என ஒன்று இல்லை. யாழ் இங்குப் பிரிவுக்கு வாயிலாக நிற்கவில்லை, பொன் நிற்கிறது. இதனை நாட்டுப்புறப் புலவரின் அறியாமை என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று. வைகாசிச் சடங்கில் இக்கதையை உடுக்கொலியோடு பாடியும் கேட்டும் வந்தவர்களுக்கு யாழ் காணாத பொருள். காணாத கருவியால் ஒரு குடும்பம் கெட்டது என்று பாடினால் கேட்பவர் நெஞ்சில் அது தைக்காது. கடன் தைக்கும். அவர்கள் யாழை விட்டு உடுக்கைக் கொண்டனர். உடுக்கு அறிந்த கதையைப் பாடினர். யாழின் வரலாற்றில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குதல் வேண்டும். அந்த உடுக்கைத் தாங்கும் இளங்கைகள் எத்தனை என்பதை வைகாசி தோறும் கோயிலுக்குச் செல்பவர் எண்ணிப் பார்க்கலாம்.

முஸ்லிம் ஊர்களில் றபானின் நிலையும் இதுவே. தாயிரா என்றும் இதனைக் கூறுவர். நோன்புக் காலத்தில் ஸஹர் வேளைக்கு ஊரை எழுப்பி, பைத்தும் முனாஜாத்தும் பாடிச் செல்லும் பக்கீர் பாவாக்களின் கருவி இது. ஒலிபெருக்கி வந்தபின் எழுப்புவதற்கு ஆள் தேவைப்படவில்லை. இசை ஆகுமா ஆகாதா என்னும் மார்க்க விவாதமும் இதனோடு சேர்ந்தது. அதன் தீர்ப்பு இலக்கிய மாணவனுக்கு உரியதன்று. இலக்கிய மாணவன் காணவேண்டியது, றபானோடு சேர்ந்து எத்தனை பாடல்களின் சந்தம் போயிற்று என்பதை. பாடல்களை ஏட்டில் எழுதிவைத்தோம். அவற்றின் அடியை எழுதிவைத்தவர் குறைவு.

என் இளமையில் அக்கரைப்பற்றிலிருந்து சாகாம வீதி வழியாக வரும் முதிய பாவா ஒருவர் இருந்தார். மார்கழி மழைக்காலத்தில் றபானின் தோல் ஈரத்தால் தளர்ந்துவிடும். எங்கள் வீட்டு அடுக்களைப் பக்கம் குந்தியிருந்து, சிரட்டைத் தணலில் தோலைச் சற்றே காட்டி, விரலால் தட்டி, மீண்டும் காட்டி, ஒலி ஏறியபின்பே பாடத் தொடங்குவார். மதுரையில் இடப்பட்ட பலகையைப் பற்றிப் பின்னாளில் பல்கலைக்கழக வகுப்பிற் கேட்டபோது எனக்கு நினைவில் எழுந்தது அந்தத் தணலே. நடை தளர்ந்த காலத்தில் அவர் தம் றபானைப் பலரிடம் நீட்டிப் பார்த்தார். பணத்துக்கல்ல, வாசிப்பதானால் வைத்துக்கொள் என்பதே அவர் கேட்டது. பிள்ளைகள் வாங்கவில்லை. கடைசியில் என் தந்தையார், மறுக்க மனமின்றி, இரு கையாலும் வாங்கிச் சுவரில் மாட்டினார். அடுத்த மாரியில் அதன் தோல் தளர்ந்தது. தணல் அடுப்பில் இருந்தது. எவ்வளவு நேரம் காட்டுவதென்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.